கிறிஸ்துநாயகத்தின் நாலு விரல்

மூன்றாம் நாள் எந்த ஊர் என்று மகள் வாசித்தபோது கிறிஸ்துநாயகத்தின் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது.

"முதல் ரெண்டு நாளும் பார்சிலோனா. மூண்டாம் நாள் கடற்கரையோட போற ரெயின்ல தரகோனா. ரோமர் கட்டின அரங்கம் இருக்காம் அம்மா, கடலுக்கு நேர மேல. நாலாம் நாள் ஷொப்பிங். அஞ்சாம் நாள் வீடு."

றூபினி கடதாசியை மடித்துத் தாயிடம் நீட்டினாள். தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு அது. இனி நாற்பது நாளைக்கு இறைச்சி இல்லை என்பதால், பூசை முடிந்து வந்து ஆட்டிறைச்சிக் கறி சமைத்திருந்தார்கள். லண்டன் குட்மேய்ஸில் அவர்களுடைய வீட்டுக் குசினியில் சுவரோடு ஒட்டிய சின்ன மேசை. மூன்று பேரும் முழங்கை இடிபட இருந்தார்கள். தாய் தகப்பனின் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு மகள் தரும் பரிசு இந்தப் பயணம்.

பியற்றிஸ் கடதாசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "அந்தத் திருக்குடும்பக் கோயிலோ? சாமியார் பிரசங்கத்தில சொன்னாரே, அதுவோ?"

"ஓம் அம்மா. உள்ள போக ரிக்கெற்றும் எடுத்தாச்சு."

"எனக்கு லீவு தரமாட்டாங்கள்," என்றார் கிறிஸ்துநாயகம்.

"உங்கட முதலாளியோட போன கிழமையே கதைச்சிட்டன். கெஞ்சினாலும் லீவு எடுக்காத மனுசன், தயவுசெய்து கூட்டிக்கொண்டு போ எண்டார்."

"விசா?"

"என்ன விசா? உங்களிட்ட இருக்கிறது பிரிட்டிஷ் பாஸ்போட் அப்பா. இப்ப புது முறை ஒண்டு வந்திருக்கு, அவ்வளவுதான். எயார்போட்டில முகத்தைப் படம் எடுப்பாங்கள். வலது கையில நாலு விரலையும் ஒரு கண்ணாடியில வைக்கச் சொல்லுவாங்கள். ரெண்டு நிமிச வேலை."

கிறிஸ்துநாயகம் சோற்றைத் திரும்பவும் கோப்பையில் வைத்தார். தன் வலது கையைப் பார்த்தார். நாலு விரல் நுனியிலும் குழம்பு சிவப்பாக ஒட்டியிருந்தது.

"என்னப்பா, உறைப்போ?" என்று கேட்டாள் பியற்றிஸ்.

"ஓம். கொஞ்சம் உறைப்பு."

கிறிஸ்துநாயகத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. இல்ஃபோர்டில் ஒரு லோண்டரியில் இருபத்திரண்டு வருடமாக உடுப்புகளுக்கு அயன் போடுகிறார். ஒரு சேட்டை எடுத்தால் முதலில் கொலர், பிறகு தோள், பிறகு கைகள், பிறகு முன்பக்கம், கடைசியாக முதுகு. இந்த ஒழுங்கு ஒருநாளும் மாறியதில்லை. ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சேட்டில் அரிசி அளவு மஞ்சளாகக் கருகிவிட்டது. முதலாளி பார்க்கவில்லை. வாடிக்கையாளரும் பார்த்திருக்கமாட்டார். ஆனால் அவர் வந்து சேட்டை வாங்கும் வரைக்கும் கிறிஸ்துநாயகம் தேத்தண்ணியும் குடிக்காமல் நின்று, அந்த இடத்தைத் தானே விரல் வைத்துக் காட்டினார்.

தமிழ்ப் பூசைக்கு வரும் சனத்துக்கும் அவர் அப்படித்தான். கோயில் மண்டபப் பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கவேண்டும் என்று கேள்வி வந்தால், இரண்டாவது பெயர் யாரும் சொல்வதில்லை. றூபினிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, வாசிக்காத புத்தகத்தை வாசித்ததாகப் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதித் தகப்பனின் கையெழுத்தையும் தானே போட்டுவிட்டாள். அவர் அடிக்கவில்லை. இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. அவள் அதை இன்னும் மறக்கவில்லை. இப்போது அவள் கவுன்சிலில் வீட்டுப் பிரிவில் வேலை செய்கிறாள். வீடு கேட்டு வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதுதான் வேலை. "அப்பா, இண்டைக்கு ஒராள் பிடிபட்டார். போமில இருந்த விலாசமே பொய்," என்று வந்து சொல்வாள். சொல்லிவிட்டு, "உங்கட மகள் எல்லோ, என்னை ஏமாத்த ஏலுமோ?" என்பாள். அவர் தலையைக் குனிந்து சாப்பிடுவார்.

அவரிடம் ஒரு பொய் இருந்தது. ஒன்றுதான். ஆனால் லண்டனில் அவர் கட்டிய எல்லாம் அதன்மேல்தான் நின்றது.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு மார்கழி மாதம். மன்னாரிலிருந்து வெளிக்கிட்ட அவரை, ஆட்களைக் களவாக வெளிநாடு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் நாடு நாடாக மாற்றி, மொரோக்கோவில் ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஏற்றி, ஸ்பெயினின் தெற்குக் கரையில் இறக்கினான். அங்கிருந்து தோடம்பழம் ஏற்றிய லொறிக்குள் ஒளிந்து நாலு பேர் வடக்கு நோக்கிப் போனார்கள். தரகோனாவுக்குக் கிட்டப் பொலிஸ் மறித்தது. பிடிபட்டால் சொந்தப் பெயரை மட்டும் சொல்லாதே என்று ஏஜென்சிக்காரன் முதலே சொல்லிவைத்திருந்தான். பொலிஸ்காரன் பேனையோடு முன்னால் இருந்து பெயரைக் கேட்டபோது கிறிஸ்துநாயகத்தின் வாயில் வந்தது ஊர்க் கோயில் மூப்பரின் பெயர். செபமாலைமுத்து. சின்னப் பிள்ளை பொய் சொன்னால்கூடக் கோயில் வாசலில் முழங்காலில் விடுகிற மனிதர் அவர். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கிறிஸ்துநாயகத்துக்கு இன்றைக்கும் தெரியாது. பொலிஸ்காரன் இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் வெட்டினான். பிறகு கறுப்பு மையில் பத்து விரலையும் ஒவ்வொன்றாக உருட்டி எடுத்தான்.

மூன்றாம் நாள் ஒரு துண்டுக் கடதாசியைக் கொடுத்து வெளியே விட்டார்கள். ஏஜென்சியின் ஆள் வந்து கூட்டிப்போனான். பிறகு பிரான்ஸ், பிறகு இன்னொரு லொறி, பிறகு லண்டன். ஈஸ்ட்ஹாமில் எட்டுப் பேர் இருந்த அறையில், வயதில் மூத்த றமணன் அண்ணை புத்தி சொன்னார். "வேற நாட்டில கைரேகை குடுத்தனான் எண்டு வாய் திறந்தியோ, அங்கயே திருப்பி ஏத்திவிடுவாங்கள். நேர வந்தனான் எண்டு சொல்லு."

அவர் அப்படியே சொன்னார். அகதி விண்ணப்பத்தின் முதல் போமில் ஒரு கேள்வி இருந்தது: வேறு பெயர்கள் ஏதாவது பாவித்ததுண்டா? இல்லை என்று எழுதினார். பிறகு வந்த ஒவ்வொரு போமிலும் அதே கேள்வி, அதே பதில். குடியுரிமைப் போமிலும் இல்லை. இரண்டாயிரத்தோராம் ஆண்டு, அவரையும் அவருடைய வதிவிடப் பேப்பரையும் நம்பிப் பியற்றிஸ் வந்து சேர்ந்தாள். அவளிடமும் நேர வந்ததாகத்தான் சொன்னார். பிள்ளையிடமும் அதுதான்.

அதனால் அவர் ஐரோப்பாப் பக்கம் கால் வைத்ததில்லை. கோயில் பங்கிலிருந்து வருடா வருடம் பிரான்சில் இருக்கிற லூர்து மாதாவிடம் பஸ் போகும். பஸ்ஸில் இருந்தால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும் என்று சொல்லித் தப்பிவிடுவார். பியற்றிஸ் தனியே போய்வருவாள்.

இப்போது தப்ப வழியில்லாமல் போயிற்று.

தவக்காலம் முழுக்க அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உடுப்பில் கறை என்ன சாதி என்று பார்க்க லோண்டரியில் ஒரு உருப்பெருக்குக் கண்ணாடி இருந்தது. மத்தியானத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு அதை எடுத்து விரல் நுனிக்கு மேல் பிடிப்பார். இருபத்திரண்டு வருட நீராவியில் தோல் தடித்து மினுங்கியது. ஆனால் கோடுகள் இருந்தன. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழித்துக்கொண்டு எல்லாக் கோடும் அப்படியே இருந்தன. தொண்ணூற்றொன்பதில் எடுத்த ரேகை இன்னும் இருக்குமா, அதைக் கம்பியூட்டரில் ஏற்றியிருப்பார்களா என்று போனில் தேடினார். தேடியதை உடனே அழித்தார். பங்கைச் சேர்ந்த, ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்கிற மரினாவிடம் கேட்கலாம் என்று ஒரு ஞாயிறு பூசை முடிந்து கிட்டப் போனார். அவள் "என்ன அண்ணை?" என்று திரும்பினாள். "ஒண்டுமில்லை பிள்ளை, மண்டபத்தில லைற் எரியுது," என்று சொல்லிவிட்டு வந்தார். கேட்பதற்கு வாயைத் திறந்தாலே, யாருக்காகக் கேட்கிறீர்கள் என்னும் கேள்வி வந்துவிடும்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து மற்றக் கிழமை, லண்டன் விமான நிலையச் சோதனையில் பியற்றிஸின் கைப்பையிலிருந்து சின்னப் போத்தல் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வெள்ளையாக உறைந்த தேங்காயெண்ணெய்.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"அந்தோனியார் எண்ணெய். சாமியார் மந்திரிச்சுத் தந்தவர். பயணத்தில பெட்டி கிட்டி துலைஞ்சாலும் அவர் கண்டுபிடிச்சுத் தந்திடுவார்."

வானத்தில் இருக்கிற இத்தனை புனிதர்களுக்குள், தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவரையா இவள் ஸ்பெயினுக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று அவர் நினைத்தார். அவர் தொலைத்தது தொலைந்தே இருக்கட்டும் என்றல்லவா இருபத்தாறு வருடமாக மன்றாடுகிறார்.

விமானத்தில் பியற்றிஸ் யன்னல் பக்கம் இருந்து, மலையைக் காட்டினாள், கடலைக் காட்டினாள். அவர் முன்சீற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்சிலோனாவில் இறங்கி வரிசையில் நின்றபோது அவருடைய சேட்டின் முதுகு நனைந்துவிட்டது.

"முகமெல்லாம் வெளிறிப்போச்சு. சுகமில்லையோ?"

"ஒண்டுமில்லை."

"உள்ளங்கையை நீட்டுங்கோ." வெக்கையில் எண்ணெய் இளகியிருந்தது. தன் நெற்றியில் பெருவிரலால் ஒரு சிலுவை போட்டுவிட்டு, மிச்சத்தை அவர் கையில் தாராளமாகச் சரித்தாள். "தேய்ச்சு முகத்தில பூசுங்கோ. அந்தோனியாரே எண்டு மனசுக்குள்ள சொல்லுங்கோ."

வீட்டில் எப்போதும் செய்வதுபோல இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்து முகத்தில் பூசினார். பெயரை மட்டும் சொல்லவில்லை.

பியற்றிஸ் முதலில் போனாள். படம், நாலு விரல், பச்சை விளக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவருக்குக் கை காட்டினாள்.

கூண்டுக்குள் இருந்த பெண் அதிகாரி அவருடைய பாஸ்போட்டைத் திறந்தாள். முகத்தைப் படம் எடுத்தாள். கண்ணாடியைக் காட்டினாள். அவர் நாலு விரலையும் வைத்தார். சிவப்பு. இன்னொருமுறை என்றாள். சிவப்பு. அழுத்தி வைக்கச் சொன்னாள். அழுத்தினார். சிவப்பு. ஒரு கணம், நீராவி தன்னைக் காப்பாற்றிவிட்டது என்று அவருக்குள் ஒரு சந்தோசம் எழும்பியது. அடுத்த கணம் அந்தச் சிவப்புக்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று பட்டது. இடது கையும் வைத்துப் பார்த்தார்கள். சிவப்பு. அதிகாரி திரையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், போனை எடுத்தாள்.

உயரமான ஒரு ஆள் வந்தான். பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு, ஓரத்தில் இருந்த வாங்கைக் காட்டி இருக்கச் சொன்னான். பிறகு ஒரு கதவுக்குள் போய்விட்டான். அந்தக் கதவில் யன்னல் இல்லை.

பியற்றிஸ் யாரோ தடுக்கத் தடுக்கத் திரும்பி வந்து பக்கத்தில் இருந்தாள்.

"என்னவாம்? மெஷின் பழுதோ?"

"மெஷின் பழுதில்லை." அவர் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார். "பியற்றிஸ், நான் சொல்லுறதைச் சத்தம் போடாமல் கேளும். என்னை உள்ள கூட்டிக்கொண்டு போனா நீர் நிக்கவேண்டாம். அடுத்த பிளேனில திரும்பிப் போம்."

"என்ன விசர்க்கதை இது?"

"நான் இஞ்ச முந்தி வந்தனான்."

"எங்க?"

"இந்த நாட்டுக்கு. தொண்ணூற்றொன்பதில. தரகோனாவில பிடிபட்டு மூண்டு நாள் பொலிஸில இருந்தனான். பத்து விரலும் எடுத்தவங்கள்."

பியற்றிஸ் சிரித்தாள். "நீங்களோ? பஸ்ஸில ரிக்கெற் காட்டைத் தட்டினது சத்தம் கேக்கேல்லை எண்டு திரும்ப ரெண்டாந்தரம் தட்டுற நீங்களோ?"

அவர் சிரிக்கவில்லை. அவளுடைய சிரிப்பும் நின்றது.

"நேர வந்தனான் எண்டு சொன்னீங்களே."

"பொய்."

"போமிலயும் அப்பிடியோ எழுதினனீங்கள்?"

"ஓம். எல்லாப் போமிலயும். பிடிபட்டபோது வேற பேரும் குடுத்தனான்."

"என்ன பேர்?"

"செபமாலைமுத்து."

பியற்றிஸ் வாயைப் பொத்தினாள். "மூப்பரின்ர பேரையோ! ஐயோ, அந்த மனுசன் அப்ப உயிரோட எல்லோ இருந்தவர்!"

"ஓம்."

"அவருக்குத் தெரியுமோ?"

"எப்பிடித் தெரியும்? கடிதம் போட்டோ சொல்லுறது?"

அவள் எதிரே போகிற பெட்டிகளின் சில்லுகளைப் பார்த்தாள். பிறகு அவளுடைய குரல் தாழ்ந்தது. "அப்ப என்ர பேப்பர்? உங்கட பேப்பரை வைச்சுத்தானே நான் வந்தனான்."

இருபத்தாறு வருடமாக அவர் தனியே சுமந்த பயம் இப்போது அவள் முகத்திலும் ஏறியதைப் பார்த்தார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"லூர்துக்கு வராதது?" என்றாள் திடீரென்று.

"அதுவும் இதாலதான்."

"சத்தி?"

"சத்தி இல்லை."

"எட்டுத்தரம்!" இப்போது அவளுக்குச் சத்தத்தை அடக்க முடியவில்லை. "எட்டுத்தரம் லூர்துக்குத் தனியப் போய், உங்கட சத்தி நிக்கவேணும் எண்டு நேர்த்தி வைச்சு மெழுகுதிரி கொழுத்தினனான்! மாதா என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பா?"

கதவு திறந்தது. உயரமான ஆள் வந்தான். ஒரு கையில் பாஸ்போட், மற்றக் கையில் தெளிக்கிற போத்தலும் கடதாசித் துவாயும். கிறிஸ்துநாயகம் எழுந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். விலங்கு போடுகிறவர்களுக்கு நீட்டுவது போலத்தான் நீட்டினார். அந்த ஆள் அவருடைய வலது கையைப் பிடித்து, உள்ளங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, தன் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு பெருவிரலைத் தூக்கி அவருக்கே காட்டினான். எண்ணெயில் பளபளத்தது.

"இது என்ன? கிறீமோ?" என்று இங்கிலிஷில் கேட்டான்.

பியற்றிஸ் கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்துக் காட்டினாள். வாயில் இங்கிலிஷ் வரவில்லை. "சான் அந்தோனியோ," என்றாள். போத்தலில் ஒட்டியிருந்த சின்னப் படத்தைப் பார்த்து அவன் சிரித்துவிட்டான். இரண்டு கையிலும் மருந்தைத் தெளித்து, கடதாசியைக் கொடுத்து, நல்லாகத் துடைக்கச் சொன்னான்.

கூண்டுக்குத் திரும்பிப் போய் நாலு விரலையும் வைத்தார். அந்தக் கண்ணாடி குளிர்ந்திருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ "அடுத்தது" என்றார்கள். கண்ணைத் திறந்தபோது பச்சை எரிந்துகொண்டிருந்தது.

பியற்றிஸ் அன்று முழுக்கக் கதைக்கவில்லை. ஹொட்டேல் அறையில் கதவைத் தட்டித் துவாய் வேண்டுமா என்று கேட்ட பெண்ணைப் பார்த்து இரண்டு பேரும் ஒன்றாகத் திடுக்கிட்டார்கள். மறுநாள் திருக்குடும்பக் கோயில். வாசலில் துவக்கோடு இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். கிறிஸ்துநாயகம் ஒரு சப்பான் சுற்றுலாக் கூட்டத்தின் நடுவில் ஒளிந்து உள்ளே போனார். உள்ளே தூண்கள் மரங்களைப் போல மேலே போய்க் கிளை விட்டிருந்தன. கண்ணாடிகளின் நிறம் தரையில் நீலமும் பச்சையும் செம்மஞ்சளுமாக விழுந்து கிடந்தது. அவ்வளவு அழகான இடத்தில் நின்று அவர் வெளியேறும் வாசல்கள் எத்தனை என்று எண்ணினார். பியற்றிஸ் வெகுநேரம் முழங்காலில் இருந்தாள்.

"என்ன மன்றாடினனீர்?" என்று கேட்டார்.

"மூப்பரின்ர ஆத்துமாவுக்கு மூண்டு அருள்நிறை மந்திரம்," என்றாள். முதல் நாளுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

"பச்சை எரிஞ்சதுதானே," என்றார் மெதுவாக. தனக்கே சொல்வது போலத்தான் சொன்னார்.

"நேற்று எரிஞ்சது. நாட்டை விட்டு வெளிய போறதும் அந்த எயார்போட்டாலதான். நேற்று எடுத்த ரேகையை அவங்கள் ஆறுதலாத் தேடமாட்டாங்களோ?"

அதே எண்ணம்தான் அவரையும் தின்றுகொண்டிருந்தது. அவள் வாயால் கேட்டதும் அங்கேயே ஒரு வாங்கில் இருந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, தலையிடிக்கிறது என்றார். பியற்றிஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "எழும்புங்கோ. தரகோனா பாக்கவேணும்."

"அங்க மட்டும் வேண்டாம்."

"நீங்கள் பயந்த இடத்தை ஒருக்கா நான் பாக்கவேணும். காணாத இடத்துக்கு எனக்குப் பயப்பிட ஏலாது."

ரெயின் கடலை உரசிக்கொண்டு போனது. சில இடங்களில் பாறைக்கும் அலைக்கும் நடுவில் தண்டவாளம் மட்டும்தான். பிள்ளைகள் மணலில் பந்தடித்தார்கள். வெள்ளை வெள்ளையாக வீடுகள் வந்து போயின. போன தரம் இந்தக் கடற்கரையோரம் வந்தபோது அவர் கண்டது தோடம்பழப் பெட்டிகளை மட்டும்தான்.

"பிள்ளைக்கு நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லவோ?" என்றாள் பியற்றிஸ், கடலைப் பார்த்தபடி.

"அவளுக்கோ? போமில பொய் எழுதினவங்களைப் பிடிக்கிறது அவளின்ர வேலை. என்னத்தை எண்டு சொல்ல?"

"அவளுக்குச் சட்டம் தெரிஞ்ச ஆக்களைத் தெரியும். உங்களுக்கு ஆரைத் தெரியும்? அயன் பெட்டியைத்தான் தெரியும்."

"அவள் என்னைப் பாக்கிற பார்வை மாறிடும், பியற்றிஸ். பொலிஸைவிட எனக்கு அதுதான் பயம்."

தரகோனாவில் கடலுக்கு மேலே ஒரு முனை இருந்தது. ஓரம் முழுக்க இரும்புக் கம்பிவேலி. அதைக் கையால் தொட்டால் நல்லது நடக்கும் என்று வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்காள் தொட்டுக்கொண்டு நின்றார்கள். கீழே ரோமரின் அரங்கம் வளைந்து கிடந்தது, அதற்கும் கீழே கடல். பியற்றிஸ் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். கிறிஸ்துநாயகத்தின் கைகள் இரண்டும் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்.

"தொடுங்கோவன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"ரேகை," என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கம்பியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு அவள் சிரிப்பது அவருக்குக் கொஞ்சம் உயிர் தந்தது. "வாங்கோ," என்று கையைப் பொக்கற்றிலிருந்து வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பொலிஸ் நிலையம் எங்கே என்று அவருக்குத் தெரியாது. பொலிஸ் வானில் ஏற்றிக்கொண்டு போன இடம். மூன்று படிகள் ஏறியதும், மூன்றாவதில் கால் தடுக்கி விழுந்ததும் நினைவிருந்தது. பியற்றிஸ் வழியில் கண்டவர்களிடமெல்லாம் "பொலிஸ்? பொலிஸ்?" என்று கேட்டுக் கேட்டு நடந்தாள். அவள் கேட்ட ஒவ்வொரு தரமும் அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியில் ஒரு மண்ணிறக் கட்டடத்தின் முன் வந்து நின்றார்கள். வாசலில் மூன்று படிகள். இதுதான் அதுவா என்று சத்தியம் பண்ண அவரால் முடியாது. ஆனால் கால்கள் அதற்கு அப்பால் நகர மறுத்தன.

படியில் நின்ற பொலிஸ்காரன் அவர்களைக் கண்டு இறங்கி வந்தான். "பாஸ்போட்? துலைஞ்சதோ?" என்று இங்கிலிஷில் கேட்டான். பயணிகள் அதற்குத்தான் வருவார்கள் போல. கிறிஸ்துநாயகம் பியற்றிஸின் பின்னால் ஒதுங்கினார்.

"நோ, நோ," என்றாள் பியற்றிஸ். போனை அவன் கையில் கொடுத்தாள். "போட்டோ, பிளீஸ்."

அவன் கட்டடத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். கடலும் கோயிலும் இருக்க இதையா என்ற யோசனை முகத்தில் தெரிந்தது. ஆனாலும் இரண்டடி பின்னால் போய், குனிந்து, மூன்று படம் எடுத்தான். மூன்றிலும் பியற்றிஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றிலும் கிறிஸ்துநாயகம் அடையாள அட்டைக்கு நிற்பவரைப் போல நின்றார்.

பொலிஸ்காரன் திரும்பிப் படியேறுவதற்குள் பியற்றிஸ் அதில் ஒன்றை மகளுக்கு அனுப்பிவிட்டாள்.

"என்ன செய்தனீர்!"

"கலியாண நாள் படம். பிள்ளை பாக்கட்டும்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போன் அடித்தது.

"அம்மா! ஏன் பொலிஸ் ஸ்டேசனுக்கு முன்னால நிக்கிறீங்கள்? என்ன நடந்தது? பாஸ்போட் துலைஞ்சுபோச்சோ?"

"ஒண்டும் துலையேல்லை பிள்ளை. துலைச்ச ஒண்டைக் கண்டுபிடிச்சிருக்கிறம். அப்பா சொல்லுவார்."

போனை அவர் முன்னால் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் கையை இறக்கவும் இல்லை. திரையில் றூபினியின் முகம் பயந்துபோய் இருந்தது. அந்தப் பயத்தை இன்னும் ஒரு நொடி நீட்ட அவரால் முடியவில்லை. வாங்கினார்.

"அப்பா?"

"பிள்ளை, நான் லண்டனுக்கு நேர வரேல்லை." கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார். "இந்த ஊரால வந்தனான். இந்தக் கட்டடத்துக்குள்ள மூண்டு நாள் இருந்தனான். விரல் ரேகை எல்லாம் எடுத்தவங்கள். உங்க ஒருதருக்கும் சொல்லேல்லை. உனக்கும் சொல்லேல்லை."

பின்னால் றூபினியின் ஒபிசில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. கதிரை பின்னுக்குப் போகிற சத்தம், கதவு ஒன்று மூடுகிற சத்தம். பிறகு எல்லாம் அமைதி. ஒன்பது வயதில் இரண்டு நாள் அவளோடு கதைக்காமல் இருந்தது அவருக்கு நினைவு வந்தது. இனி அவளுடைய முறை என்று நினைத்தார்.

"எந்த வருசம்?" என்றாள். அவளுடைய வேலைக் குரல் அது.

"தொண்ணூற்றொன்பது. மார்கழி."

"போமில எழுதினனீங்களோ?"

"இல்லை."

"ஒண்டிலயும் இல்லையோ?"

"ஒண்டிலயும் இல்லை."

அவள் ஒரு மூச்சு எடுத்தாள். "வேற பேர் ஏதும் பாவிச்சனீங்களோ?"

அதே கேள்வி. எத்தனை போம், எத்தனை பேனை. கிறிஸ்துநாயகத்தின் கண் நிறைந்து திரையில் மகளின் முகம் கலங்கியது. பியற்றிஸ் அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"ஓம்," என்றார்.

"அப்பா, அழாதேங்கோ. அழுதா எனக்கு விளங்காது. நீங்கள் வந்து இறங்கின உடன ஒரு சட்டத்தரணியிட்டப் போவம். நானும் வாறன். இப்ப அந்தப் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கோ. நான் எழுதிறன்."

பேனை தட்டுப்பட்ட சத்தம் கேட்டது. படியில் நின்ற பொலிஸ்காரன் இன்னும் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்தால் பார்க்கட்டும் என்று நினைக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, மூப்பருடைய பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினார். இந்த முறை றூபினி அதை வெட்டாமல் எழுதினாள்.